எல்லை தாண்டும் பூனை: அண்டைவீட்டார் பிணக்கும் மூன்று சட்ட மரபுகளும்

வீட்டில் வளரும் விலங்குகளுள், ஆள் துணையில்லாமல் வெளியே போய்த் தானே வீடு திரும்புவது பூனை. நாயைக் கயிற்றில் பிடித்து நடத்துகிறார்கள். மாட்டைத் தறியில் கட்டுகிறார்கள். கோழியைக் கூட்டில் அடைக்கிறார்கள். பூனைக்கோ மதிலும் கூரையும் சன்னலும் வழிகள். அடுத்த வீட்டில் அது செய்யும் சேதம் வளர்ப்பவர் கண்ணில் படுவதில்லை. சேதத்தைக் காண்பவருக்கு அது யார் வீட்டுப் பூனை என்பது பல வேளைகளில் தெரிவதில்லை. பூனையால் அண்டைவீட்டாரிடையே எழும் பிணக்குகள் பெரும்பாலும் இந்த இரண்டு அறியாமைகளிலிருந்து தொடங்குகின்றன. பூனையை அதன் போக்கில் விடுவதா, அடைத்து வைப்பதா, வளர்ப்பதையே தடுப்பதா என்ற கேள்விக்கு நாடுகள் வெவ்வேறு விடைகளைக் கண்டுள்ளன. இங்கிலாந்து முதல் வழியையும், ஆஸ்திரேலியா இரண்டாம் வழியையும், சிங்கப்பூர் 35 ஆண்டுகள் மூன்றாம் வழியையும் பின்பற்றின.

பூனை ஏன் வெளியே போகிறது

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. மேற்கு ஆசியாவில் வேளாண்மை தொடங்கித் தானியம் சேமிக்கப்பட்டபோது எலிகள் பெருகின. எலிகளைத் தொடர்ந்து பூனைகள் ஊருக்குள் வந்தன. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனித எலும்புக்கூட்டின் அருகே பூனையின் எலும்புக்கூடும் கிடைத்தது. அண்மைக் காலம்வரை பூனையிடம் மனிதர் எதிர்பார்த்த வேலை எலி பிடிப்பதே. அந்த வேலையைத் திரியாமல் செய்ய முடியாது.

முழுநேரமும் வீட்டுக்குள் இருக்கும் பூனை என்பது புதிய வழக்கம். முன்பு மணலையும் சாம்பலையும் பெட்டியில் நிரப்பி வைத்தார்கள்; நாற்றம் அடங்கவில்லை. 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்டு லோ என்பவர், ஈரத்தை உறிஞ்சும் களிமண் குறுணையைப் பூனைக் கழிவுத் தட்டுக்கு ஏற்ற பொருளாக விற்கத் தொடங்கினார். அது பரவிய பிறகு நகர வீடுகளில் பூனையை உள்ளேயே வைத்து வளர்ப்பது எளிதாயிற்று. ஆயினும் பூனையின் இயல்பு மாறிவிடவில்லை. அது தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொள்கிறது. அந்த எல்லையைச் சுற்றிவந்து, உடலைத் தேய்த்தும் நகத்தால் கீறியும் சிறுநீர் தெளித்தும் அடையாளமிடுகிறது.

2020-இல் வெளியான ஆய்வு ஒன்று அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து உள்ளிட்ட நாடுகளில் 900-க்கும் மேற்பட்ட வளர்ப்புப் பூனைகளுக்கு ஜிபிஎஸ் கருவி பொருத்தி அவற்றின் நடமாட்டத்தைப் பதிந்தது. ஒரு பூனை நடமாடும் பரப்பு சராசரியாக 3.6 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 9 ஏக்கர். பெரும்பாலான பூனைகள் வீட்டுத் தோட்டத்திலிருந்து 100 மீட்டருக்கு அப்பால் போகவில்லை. கடுவன் பெண் பூனையைவிடவும், இளம் பூனை முதிய பூனையைவிடவும், கருத்தடை செய்யப்படாதது செய்யப்பட்டதைவிடவும் அதிகம் திரிகிறது. பூனையால் வரும் தொல்லை ஊரெங்கும் பரவாமல், தினமும் முகம் பார்த்துக்கொள்ளும் நாலைந்து வீடுகளுக்குள்ளேயே திரும்பத் திரும்ப விழுவதற்கு இந்தக் குறுகிய எல்லை ஒரு காரணம்.

குறைகளின் வகைகள்

முறையீடுகளில் முதலிடம் மலத்துக்கு. பூனை மலத்தைப் புதைக்கும் விலங்கு. அதனால் கொத்திவிட்ட பாத்தி, பூந்தொட்டி, குழந்தைகள் விளையாடும் மணல் என்று பொலபொலப்பான மண்ணைத் தேடிப் போகிறது. நாற்றத்தோடு நோய் அச்சமும் சேர்ந்துகொள்கிறது. டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி பூனைக் குடும்ப விலங்குகளின் குடலில்தான் முழு வளர்ச்சி அடைந்து மலத்தோடு வெளியேறுகிறது. கருவுற்ற பெண்ணுக்கு அது முதல்முறையாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கலாம். எனினும் ஒரு பூனை பொதுவாக முதல் தொற்றின்போது, ஒன்று முதல் மூன்று வாரங்கள் மட்டுமே இந்த ஒட்டுண்ணியின் முட்டைப் பைகளை வெளியேற்றுகிறது. வெளியேறிய அவை தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாள்கள் ஆகும். அன்றன்று அகற்றப்படும் மலத்தால் வரும் ஆபத்து குறைவு. அடுத்த வீட்டுப் பாத்தியில் கிடக்கும் மலத்தை வளர்ப்பவர் அன்றன்று அகற்றுவதில்லை என்பதுதான் சிக்கல்.

அடுத்தது ஓசை. இனப்பெருக்கக் காலத்தில் பூனைகள் எழுப்பும் நீண்ட ஓலமும், இரவில் கடுவன்கள் ஒன்றையொன்று சீறிச் சண்டையிடுவதும் தூக்கத்தைக் கெடுக்கின்றன. கதவோரத்தில் தெளிக்கும் சிறுநீர், வாகனத்தின்மேல் பதியும் நகக்கீறல், உலர்த்திய துணியில் ஒட்டும் மயிர், கூண்டுப் பறவைக்கும் தொட்டி மீனுக்கும் நேரும் ஆபத்து ஆகியவை இவற்றைத் தொடர்கின்றன.

சண்டை எப்போதும் வெறுப்பிலிருந்தே பிறப்பதில்லை, அன்பிலிருந்தும் பிறக்கிறது. ஒரே பூனை இரண்டு மூன்று வீடுகளில் சாப்பிட்டு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெயர் பெறுவதுண்டு. தன் பூனைக்கு அடுத்த வீட்டார் தொடர்ந்து உணவிட்டுக் கழுத்துப்பட்டையையும் மாற்றியதாக உரிமையாளர் தொடுத்த வழக்கு ஒன்று, 2020-இல் லண்டன் நீதிமன்றம்வரை வந்து உடன்பாட்டில் முடிந்தது.

யார் செய்தது என்று தெரியாத இடத்தில் சந்தேகம் வளர்கிறது. தெற்கு லண்டனின் கிராய்டன் பகுதியிலும் அதைச் சுற்றியும் 2010-களின் நடுப்பகுதியில் தலையும் வாலும் துண்டிக்கப்பட்ட பூனை உடல்கள் அடுத்தடுத்துக் கிடைத்தன. பூனைகளைத் தேடிக் கொல்லும் மனிதன் ஒருவன் உலவுகிறான் என்ற அச்சம் நாடெங்கும் பரவியது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் விசாரித்த லண்டன் மாநகரக் காவல்துறை, இதில் மனிதர் கைவரிசைக்குச் சான்றில்லை என்று 2018 செப்டம்பரில் அறிவித்தது. வாகனங்களில் அடிபட்டு இறந்த பூனைகளை நரிகள் கடித்துச் சிதைத்தன என்பது அதன் முடிவு. அரச கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட உடற்கூறாய்வு முடிவும் உடல் சிதைவுக்கு நரிகளையே காரணமாகக் காட்டியது.

இங்கிலாந்து: பூனையின் இயல்புக்கு விட்டுக்கொடுத்த சட்டம்

பிறர் வயலில் மேய்ந்த மாட்டுக்கு அதன் உடைமையாளர் பதில் சொல்ல வேண்டும் என்பது இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டம். அந்த மரபின் வழியில் இந்தியாவில் இயற்றப்பட்ட 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம், பயிர் மேய்ந்த கால்நடையைப் பிடித்துப் பட்டியில் அடைக்க இடமளித்தது. அச்சட்டத்தின் பட்டியலில் யானையும் ஒட்டகமும்கூட உண்டு, பூனை இல்லை.

பூனை விலக்குப் பெற்றதன் காரணத்தை 1926-ஆம் ஆண்டின் பக்கிள் எதிர் ஹோம்ஸ் வழக்கு விளக்குகிறது. ஒருவருடைய பூனை அடுத்தவர் இடத்துக்குள் புகுந்து 13 புறாக்களையும் 2 சிறு கோழிகளையும் கொன்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் பூனையின் உரிமையாளர் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. பறவையைப் பிடிப்பது பூனை இனத்துக்கே உரிய இயல்பு. தன் பூனைக்கு மட்டும் தனிப்பட்ட தீய பழக்கம் உண்டு என்று அறிந்தும் அதை ஒருவர் வெளியே விட்டிருந்தாலன்றி, இயல்பான செயலுக்கு அவர் பொறுப்பாகமாட்டார் என்பது அதன் அடிப்படை. 1971-ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டமும் எல்லை மீறும் கால்நடைக்கு விதித்த பொறுப்பைப் பூனைக்கு நீட்டிக்கவில்லை.

பூனையால் தொல்லைக்குள்ளாகும் அண்டைவீட்டாருக்கோ கட்டுப்பாடு அதிகம். சட்டத்தின் பார்வையில் பூனை ஒருவருடைய உடைமை. அதை எடுத்துக்கொள்வது 1968-ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டத்தின்படியும், காயப்படுத்துவது 1971-ஆம் ஆண்டின் சேதம் விளைவித்தல் சட்டத்தின்படியும் குற்றமாகலாம். தேவையற்ற துன்பம் தருவதை 2006-ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம் தண்டிக்கிறது. ஆக, தோட்டத்துக்குள் வந்த பூனையைத் துன்புறுத்தாமல் விரட்டலாம். அதற்குமேல் எதுவும் செய்ய இயலாது.

இந்த ஒருபக்கச் சாய்வை ஓரளவு சரிசெய்யும் விதி 2024 ஜூன் 10-இல் நடப்புக்கு வந்தது. இங்கிலாந்தில் 20 வார வயதை எட்டுவதற்குள் ஒவ்வொரு வளர்ப்புப் பூனைக்கும் மைக்ரோசிப் பொருத்தி உரிமையாளர் விவரத்தைப் பதிய வேண்டும். தவறினால் 500 பவுண்டு வரை அபராதம். காணாமற்போன பூனையை மீட்பது அதன் முதன்மை நோக்கம். திரியும் பூனைக்கு வீடு உண்டா, அது எந்த வீடு என்பதையும் அதே பதிவு சொல்லிவிடுகிறது.

ஆஸ்திரேலியா: பூனைக்கும் எல்லை உண்டு

ஆஸ்திரேலியாவில் பூனை பிற்காலத்தில் ஐரோப்பியருடன் வந்த விலங்கு. அங்குள்ள சிறு பாலூட்டிகளும் பறவைகளும் இத்தகைய வேட்டை விலங்குக்குப் பழகாதவை. உள்நாட்டுப் பாலூட்டி இனங்கள் பல அற்றுப்போனதில் காட்டுப்பூனையாக மாறியவற்றின் பங்கு பெரிது. ஆகவே அங்கே அடுத்த வீட்டாரின் குறை, இயற்கைப் பாதுகாப்பு என்ற பொதுநலத்தின் வலிமையையும் சேர்த்துக்கொண்டது.

விக்டோரியா மாநிலத்தின் 1994-ஆம் ஆண்டு வீட்டு விலங்குகள் சட்டத்தின்படி பூனையை நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். ஒரு பூனை அனுமதியின்றி ஒன்றுக்கு மேற்பட்ட முறை தம் மனைக்குள் வந்தால் குடியிருப்பவர் அதைப் பிடித்து நகராட்சியிடம் ஒப்படைக்கலாம். நகராட்சி உரிமையாளருக்கு ஆட்சேப அறிவிப்பு அனுப்பும். அதன் பின்னரும் பூனை அங்கே வந்தால் அது குற்றம். தலைநகர் கான்பெரா அமைந்த ஆட்சிப்பகுதி இன்னும் ஒரு படி மேலே சென்று, 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனைகள் அனைத்தையும் உரிமையாளர் மனைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. ஏற்கெனவே திரிந்து பழகிய பூனைகளுக்குப் பெரும்பாலான பகுதிகளில் விலக்களித்ததால், மாற்றம் ஒரு தலைமுறையில் படிப்படியாக நிகழ வழி ஏற்பட்டது.

ஐரோப்பாவில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு ஜெர்மனியின் வால்டார்ஃப் நகரம். தரையில் கூடு கட்டும் கொண்டை வானம்பாடிகள் அங்கே அருகிவிட்டதால், 2022-இல் நகரின் ஒரு பகுதியில் குஞ்சு பொரிக்கும் காலம் முடியும்வரை, ஆகஸ்ட் இறுதிவரை, பூனைகளை வெளியே விடக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் ஆணையிட்டது. மீறினால் 500 யூரோ. பூனை வானம்பாடியைக் கொன்றுவிட்டால் 50,000 யூரோ வரை அபராதம்.

சிங்கப்பூர்: தடையிலிருந்து உரிமத்துக்கு

சிங்கப்பூரின் நிலை வேறு. மக்களில் பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். தோட்டமோ மதிலோ இல்லை. கதவைத் திறந்தால் பொதுத் தாழ்வாரம், மின்தூக்கி, படிக்கட்டு. ஒரு வீட்டுப் பூனை பத்தடி நடந்தால் மற்றொரு வீட்டு வாசல் வந்துவிடும். 1989 முதல் இவ்வீடுகளில் பூனை வளர்ப்பது தடை செய்யப்பட்டது. மீறினால் 4,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம். பூனையை வீட்டுக்குள் கட்டுப்படுத்துவது கடினம். அது வெளியே திரிந்தால் மயிர் உதிர்க்கும், பொதுவிடத்தில் மலசலம் கழிக்கும், இரவில் ஓலமிட்டு அண்டைவீட்டாரைத் தொந்தரவு செய்யும் என்பவை கழகம் சொன்ன காரணங்கள். குறிப்பிட்ட சிறு இன நாய் ஒன்றை உரிமத்தோடு வளர்க்க அனுமதி இருந்தது. அதே சிங்கப்பூர், தன் பெயரையே தாங்கிய சிங்கப்புரா பூனை இனத்தை 1990-களின் தொடக்கத்தில் சுற்றுலாச் சின்னமாகவும் ஆக்கியது.

தடை இருந்தும் பலர் பூனை வளர்த்தார்கள். பிணக்கு அதனால் மறையவில்லை. பேச முடியாததாக மாறியது. பூனை தம்முடையது என்று ஒப்புக்கொண்டால் அதை இழக்க நேரிடலாம் என்ற நிலையில், வளர்ப்பவர் அண்டைவீட்டாரின் முதல் முறையீட்டையே மறுக்க வேண்டியிருந்தது. முறையீட்டாளருக்கோ நேரில் பேசுவதைவிடக் கழகத்துக்குத் தெரிவிப்பது எளிதாக இருந்தது. உரிமமும் பதிவும் இல்லாததால் வளர்ப்புப் பூனையையும் தெருப் பூனையையும் பிரித்தறியவும் வழியில்லை. சிங்கப்பூரில் கருத்தடை செய்யப்பட்ட தெருப் பூனைகளின் காது நுனியைச் சிறிது வெட்டி அடையாளமிடுவது வழக்கம். அது கருத்தடை ஆயிற்றா என்பதை மட்டுமே காட்டும். பொறுப்பேற்பவர் யார் என்பதைக் காட்டாது.

மாற்றத்துக்கான முதல் முயற்சி 2012 அக்டோபரில் சோங் பாங் வட்டாரத்தில் தொடங்கியது. அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் அப்போதைய சட்ட அமைச்சருமான கா. சண்முகம் அதற்கு ஆதரவளித்தார். பூனைக்குக் கருத்தடையும் மைக்ரோசிப்பும் செய்து, சன்னல்களுக்கு வலை அடித்து, வெளியே திரியவிடாமல் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் அடுக்குமாடி வீட்டில் பூனை வளர்க்கலாம் என்பது முன்னோடித் திட்டத்தின் சாரம். அது பலமுறை நீட்டிக்கப்பட்டது. 2022-இல் நடந்த கருத்தாய்வில் 30,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். பத்தில் ஒன்பது பேர் அளவுக்குப் பூனை வளர்ப்பு விலங்காக ஏற்றது என்று கருதினார்கள்.

2024 செப்டம்பர் 1-ஆம் தேதி தடை நீங்கியது. கழக வீடு ஒன்றில் இரண்டு பூனைகளும் தனியார் வீட்டில் மூன்று பூனைகளும் வளர்க்கலாம். உரிமம் பெற வேண்டும்; மைக்ரோசிப் பொருத்த வேண்டும்; விண்ணப்பிப்பவர் இலவச இணையப் பாடத்தை முடிக்க வேண்டும். சன்னல் வலை போன்ற தடுப்புகள் வைத்துப் பூனையைக் கட்டுப்பாடின்றித் திரியவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கருத்தடை கட்டாயமில்லை, செய்தவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஏற்கெனவே வளர்ப்பவர்கள் உரிமம் பெற 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம் தரப்பட்டது. வரம்புக்கு மேல் பூனை வைத்திருந்தவர்களும் அந்த அவகாசத்துக்குள் உரிமம் பெற்றால் அவற்றை வைத்துக்கொள்ளலாம். ஒளித்து வளர்த்தவரைத் தண்டிப்பதைவிடப் பதிவேட்டுக்குள் கொண்டுவருவது மேல் என்ற கணக்கு இச்சலுகைகளில் தெரிகிறது.

உரிமம் வந்ததன் பயன், பிணக்குத் தீர்க்கும் அமைப்புகளோடு சேர்த்துப் பார்த்தால் விளங்கும். 1998 முதல் இயங்கும் சமூக சமரச நிலையத்தில், பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள் இருதரப்பையும் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். அங்கே தீராதவற்றுக்கு 2015-ஆம் ஆண்டின் சமூகப் பூசல் தீர்வுச் சட்டத்தின் கீழ் தனி நடுவர் மன்றம் உண்டு. அண்டைவீட்டாரின் விலங்கு பிறர் வீட்டுக்குள் புகுவதும், அளவுமீறி ஓசையும் நாற்றமும் உண்டாக்குவதும், வீட்டருகே மலசலம் கழிப்பதும் அச்சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் தொல்லைகள். மன்றம் 20,000 வெள்ளி வரை இழப்பீடும், தொல்லையை நிறுத்தும்படி ஆணையும் வழங்கலாம். ஒரே கட்டடத்திலோ 100 மீட்டர் தொலைவுக்குள்ளோ வசிப்பவரே இச்சட்டத்தில் அண்டைவீட்டார். ஜிபிஎஸ் ஆய்வு காட்டிய பூனையின் வழக்கமான எல்லையும் ஏறக்குறைய அதுவே. தடைக்காலத்தில் பூனை வளர்ப்பவர் இந்தச் சமரச மேசைக்கு வருவது தம்மைத் தாமே காட்டிக்கொடுப்பதாக இருந்தது. உரிமம் பெற்றவருக்கு அந்த அச்சம் இல்லை.

பிணக்கைத் தணிக்கும் வழிகள்

முதற்படி, தொல்லை தரும் பூனை எது என்று உறுதி செய்வது. மலத்தையோ கீறலையோ மட்டும் வைத்துப் பூனையைச் சுட்ட முடியாது. ஒரே நிறப் பூனைகள் ஒரு தெருவில் பல இருக்கும். கழுத்துப்பட்டை இல்லாத பூனைக்கு வீடு உண்டா என்று அறிய, தொடர்பு எண் எழுதிய காகிதப் பட்டையைத் தளர்வாகக் கட்டி அனுப்பும் முறையை விலங்குநல அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. மாட்டிக்கொண்டால் எளிதில் கிழிந்துவிடும் என்பதால் காகிதப் பட்டை பாதுகாப்பானது. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் மைக்ரோசிப்பைப் படித்து உரிமையாளரை அறியலாம்.

வளர்ப்பவர் செய்யக்கூடியவற்றுள் கருத்தடை முதன்மையானது. ஓலம், சிறுநீர் தெளிப்பு, சண்டை, தொலைதூரத் திரிதல் ஆகிய நான்கையும் அது ஒருசேரக் குறைக்கிறது. இரவில் உள்ளே அடைப்பது தூக்கம் கெடும் குறையை நீக்கும். வீட்டுக்குள் சுத்தமான கழிவுத் தட்டு வைப்பதும், சொந்தத் தோட்டத்திலேயே பொலபொலப்பான மணல் மூலை ஒன்று அமைப்பதும் அடுத்த வீட்டுப் பாத்தியைக் காக்கும். சன்னல் வலையும் கம்பிவலைக் கூடமும் அமைத்தால் வெளிச்சமும் காற்றும் குறையாமல் பூனையை உள்ளே வைக்கலாம். வேட்டையைக் குறைக்கும் வழிகளை எக்சிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் சோதித்தார்கள். இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு, பூனை வீட்டுக்குக் கொண்டுவரும் இரைகளை 36 விழுக்காடும், தினமும் 5 முதல் 10 நிமிட விளையாட்டு 25 விழுக்காடும் குறைத்தன. பளிச்சென்ற நிறத் துணிப் பட்டை அணிவித்தபோது பிடிபட்ட பறவைகள் 42 விழுக்காடு குறைந்தன. மணி கட்டியதால் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை.

பாதிக்கப்படும் வீட்டார் பாத்திமேல் கம்பிவலை பரப்பலாம், மண்ணை ஈரமாக வைக்கலாம், மணற்குழியை மூடலாம், அசைவு உணர்ந்து நீர் பீச்சும் கருவி வைக்கலாம். விஷம் வைப்பதும், பூனையைப் பிடித்துத் தொலைவில் விடுவதும் கொடுமை. சட்ட ஆபத்தும் உண்டு. பூனை போன இடத்தை வேறொரு பூனை பிடித்துக்கொள்ளும் என்பதால் பலனும் நிலைப்பதில்லை. தொல்லை நடந்த நாள், நேரம், படம் ஆகியவற்றைக் குறித்து வைத்து, முதலில் நேரில் பேசி, பின் குடியிருப்புச் சங்கத்தையோ சமரச அமைப்பையோ நாடி, கடைசியாக அதிகாரிகளிடமும் நீதிமன்றத்திடமும் போவது பொருத்தமான வரிசை.

மூன்று மரபுகளும் வெவ்வேறு இடங்களில் தொடங்கினாலும் ஒரு புள்ளியை நோக்கி நகர்ந்துள்ளன. பூனையைத் திரியவிட்ட இங்கிலாந்து மைக்ரோசிப்பைக் கட்டாயமாக்கியது. அடைத்து வைக்கும் ஆஸ்திரேலிய விதிகள் பதிவேட்டின்மேல் நிற்கின்றன. தடைசெய்த சிங்கப்பூர் உரிமத்துக்கு மாறியது. பூனை வெளியே போகலாமா என்பதில் மூன்றும் உடன்படவில்லை. பூனைக்கு அறியப்பட்ட உரிமையாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதில் மூன்றும் ஒன்றுபடுகின்றன. யாரிடம் பேசுவது என்பது தெரிந்தால்தான் சமரசமோ அபராதமோ வழக்கோ தொடங்க முடியும். பொறுப்பாளியை ஒளிந்துகொள்ளத் தூண்டும் விதி எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும் அண்டைவீட்டாரிடையே அமைதியைத் தராது என்பதற்கு 1989 முதல் 2024 வரையிலான சிங்கப்பூர் அனுபவம் சான்று.